ஒழுங்கான வகுப்பு

எங்கள் கல்லூரியில் ஆன்லைனில் பாடம் நடத்தும் பதினோரு பேரில் என் வகுப்புதான் ஒழுங்கான வகுப்பு என்று நானே நாலு பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். அடக்கம் எனக்குக் கொஞ்சம் தூரத்துச் சொந்தம். மற்றவர்கள் வகுப்பில் ஒரே நேரத்தில் ஆறு பேர் மைக்கைத் திறந்துகொண்டு பேசுவார்கள். ஒருவர் வீட்டில் மிக்ஸி ஓடும், இன்னொருவர் வீட்டில் சண்டை ஓடும். என் வகுப்பில் அந்தக் கதையே கிடையாது. பேச வேண்டியவர் முதலில் தன் பெயரைச் சொல்வார். நிறுத்தி நிதானமாகக் கேள்வி கேட்பார். கேட்டு முடித்தபின் நான் பதில் சொல்லும்வரை அத்தனை பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள். குண்டூசி விழுந்தால் சத்தம் கேட்கும்.

எனக்குத்தான் கேட்காது.

மூன்று வருடமாகவே காது என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுக்கொண்டிருந்தது. வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காதில் ஒரு கருவி இருக்கிறது. எதிரில் உட்கார்ந்து, முகத்தைக் காட்டி, பொறுமையாகப் பேசினால் சமாளித்துவிடுவேன். லேப்டாப்பிலிருந்து வருகிற குரல் மட்டும் எனக்குக் குரலாகவே வராது. குழாயில் காற்று அடைத்த மாதிரி ஒரு கொரகொரப்பு வரும், அவ்வளவுதான். பேச்சை எழுத்தாக்கித் திரையில் காட்டும் வசதியையும் போட்டுப் பார்த்தேன். எங்கள் பேச்சுத் தமிழைக் கேட்டு அது மிரண்டுபோய், முக்கால்வாசி நேரம் வெறும் புள்ளியாக வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

கல்லூரியில் நான் சொல்லவில்லை. என் வேலை வருடா வருடம் ஒப்பந்தம் போடுகிற வேலை. போன வருடம் தொண்டை கெட்டுப்போன ஓர் ஆசிரியருக்கு, நன்றாக ஓய்வெடுக்கும்படி மிகுந்த அன்போடு ஒரு கடிதம் வந்தது. அதன்பிறகு அவருக்கு வகுப்பு லிங்க் வரவே இல்லை. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. புள்ளியியல் சொல்லிக்கொடுப்பதைத் தவிர உருப்படியாக ஒன்றும் தெரியாது. சமையல் சுமார்தான், கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வகுப்பும் இல்லையென்றால் மிச்சமிருக்கிற என்னை நானே சகித்துக்கொள்வேனா என்று பயமாக இருந்தது.

அதனால்தான் என் வீட்டுக்காரரை வேலைக்கு வைத்தேன்.

இவர் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தில் பின்பக்கமிருந்து வருகிற குரலை வைத்தே யார், எந்த நிறுத்தம் என்று சொல்லிவிடுவாராம். அந்தத் திறமையை நான் வீணாக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் நானும் லேப்டாப்பும். எனக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி. படித்த வீடு மாதிரி தெரிய வேண்டும் என்று அதை நானே இழுத்துப்போட்டு வைத்திருந்தேன். மேசையின் எதிர்ப்பக்கம், லேப்டாப்பின் முதுகுக்கு அந்தாண்டை, கேமராவில் படாத இடத்தில் இவர். நீளமான வயர் வைத்த இயர்போன் இவர் காதில். கையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கரும். மாணவர்கள் பேசுவதைக் கேட்டு எழுதி, என்னிடம் தூக்கிக் காட்டி, துணியால் துடைத்துவிட்டு, அடுத்ததற்குத் தயாராவார். நான் பலகையைப் பார்த்துவிட்டு, ஏதோ ஆழ்ந்து யோசித்தவளைப் போல ஒரு நொடி விட்டுப் பதில் சொல்வேன். வாயால் சொல்லலாமே என்றால், இவர் குரல் மைக்கில் போய்விடும். கண்டக்டர் குரல் சும்மா இருக்குமா?

மாணவர்களின் பெயர்களை இவர் எழுதமாட்டார். நேரம் பிடிக்கிறதாம். எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டார். லிஃப்ட் பழுதுபார்க்கும் பையன் 'லிஃப்ட்'. இரட்டைக் குழந்தைகளோடு வகுப்புக்கு வரும் பெண் 'இரட்டை'. பலகையில் இப்படி வரும்: "லிஃப்ட்: இந்தக் கோடு ஏன் வளையுது? (எனக்கும் அதே டவுட்.)" அல்லது, "இரட்டை: ஒரு நிமிஷம் மேடம், குழந்தை அழுது. (ரெண்டுமே.)" கேட்டதை மட்டும் எழுதுங்கள், உங்கள் அபிப்பிராயம் வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். தலையை ஆட்டுவார். அடுத்த பலகையிலும் அடைப்புக்குறி இருக்கும்.

அந்த வகுப்பில் எனக்குப் பிடிபடாத ஒருத்தி இருந்தாள். பேக்கரி. ஒரு ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவள், நாற்பது வயதிருக்கும். எங்கள் வகுப்பு மாலை நான்கு மணிக்கு. ஆறு மணிக்குக் கடைக்குப் போக வேண்டிய ரொட்டியை அவள் அந்த நேரத்தில்தான் உருட்டியாக வேண்டும். வேலை செய்துகொண்டே பாடம் கேட்பாள். கேமராவைப் போடமாட்டாள். அவள் பெயரின் முதல் எழுத்து மட்டும் ஒரு கறுப்புக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். சாட்டில் ஒரு வரி எழுதமாட்டாள். கேட்டால் பலகையில் வரும்: "பேக்கரி: கை மாவுல இருக்கு மேடம். எழுத முடியாது. மன்னிச்சுக்கோங்க. (பாவம்.)"

"வகுப்புன்னா முகத்தைக் காட்டணும், இல்லைன்னா நாலு வார்த்தையாவது எழுதணும். ரெண்டும் இல்லைன்னா நீங்க இருக்கீங்களா போயிட்டீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று எல்லோர் முன்னாலும் ஒரு நாள் அவளைத் திட்டிவிட்டேன். பங்கேற்புக்கான மதிப்பெண்ணில் ஐந்தைக் குறைத்தும் விட்டேன். அன்று இரவு சாப்பிடும்போது இவர் எனக்கு எதிரில் உட்கார்ந்து சொன்னார்.

"அந்தப் பொண்ணுதான் உன் வகுப்புலயே நல்லாக் கவனிக்கறவ."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ கேள்வி கேட்டா மாவு அடிக்கிற சத்தம் நின்னுடும். யோசிக்கறா. விடை கிடைச்சதும் மறுபடி அடிக்க ஆரம்பிப்பா. மத்தவங்க பதில் சொல்றதுக்கு முன்னாடியே."

அந்தச் சத்தம் எனக்குக் கேட்காதே, அதற்கு நான் என்ன செய்வது என்று எரிந்து விழுந்தேன். மதிப்பெண்ணைத் திருத்தவில்லை. ஒருமுறை எழுதியதை மாற்றுவது எனக்குப் பிடிக்காது.

உண்மையைச் சொன்னால் முதல் மாதம் என் வகுப்பு ஒன்றும் ஒழுங்காக இல்லை. ஐந்து பேர் ஒன்றாகப் பேசுவார்கள், இவர் மார்க்கர் பலகையில் தலைதெறிக்க ஓடும், கடைசியில் "யாரோ ஏதோ கேட்டாங்க" என்று எழுதிக் காட்டுவார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் பத்து நிமிடம் அனைவரையும் கிழி கிழி என்று கிழித்தேன். அடுத்த வாரத்திலிருந்து எல்லோரும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டார்கள். என் திட்டுக்கு இத்தனை சக்தியா என்று எனக்கே உச்சி குளிர்ந்துபோயிற்று. இன்னொன்றும் அப்போதுதான் தொடங்கியது. வகுப்பு முடிகிற நேரத்தில் இவர் அலமாரியைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். வயதான காலத்தில் புத்தகங்கள்மேல் மரியாதை வந்துவிட்டது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

எட்டு மாதம் இப்படியே ஓடியது. அப்போதுதான் துறைத் தலைவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நல்ல மனிதர், ஆனால் எதையும் ஒரு படிவத்தில் நிரப்பிப் பார்க்காமல் நம்பமாட்டார். வியாழக்கிழமை என் வகுப்பில் அவரும் இருப்பாராம். மாணவர்களோடு நேரடி உரையாடல் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். அதை வைத்துத்தான் அடுத்த வருட ஒப்பந்தமாம்.

"நடக்கட்டுமே. நம்ம எட்டு மாசமா நடத்தலையா?" என்றார் இவர்.

செவ்வாய்க்கிழமை காலை, பெரிய மனிதர் வருகிறாரே, வீடு பளிச்சென்று தெரிய வேண்டாமா என்று ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரிக் கண்ணாடியைத் துடைத்திருக்கிறார். நான் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டூல் சாய்ந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. இவர் விழுந்த சத்தமும் கேட்கவில்லை. மூன்று தடவை கூப்பிட்டாராம். இரண்டு டம்ளரையும் தூக்கிக்கொண்டு, டீ ஆறிப்போகிறது எங்கே போனீர்கள் என்று திட்டிக்கொண்டே வந்த பிறகுதான், தரையில் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துக்கொண்டிருந்த இவரைப் பார்த்தேன்.

மணிக்கட்டு உடைந்திருந்தது. முழங்கைவரை மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் அசைக்கக்கூடாது என்று அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியெல்லாம் நான் அழுதுகொண்டே வந்தேன். வகுப்பு போய்விடுமே என்று அழவில்லை. கூப்பிட்டிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை என்பதற்காகத்தான் அழுதேன்.

இவர் என் பக்கம் முகத்தைத் திருப்பி, நான் உதட்டைப் பார்க்கிறேனா என்று உறுதி செய்துகொண்டு சொன்னார். "அழாதம்மா. கேட்டிருந்தாலும் விழுந்துதான் இருப்பேன்."

புதன்கிழமை ஒத்திகை பார்த்தோம். இடது கையால் எழுதினார். எறும்பை நசுக்கி வரிசையாக வைத்த மாதிரி இருந்தது, ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. போனில் தட்டிப் பார்த்தார். இடது கட்டைவிரலால் 'சராசரி' என்று அடிப்பதற்குள் நான் ஒரு பாடமே நடத்திவிடலாம். சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பார்த்தார். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றால் பிடித்துவிடுகிறேன். திட்ட விலக்கம், நிகழ்தகவு என்று வந்தால் எல்லா உதடும் ஒரே மாதிரி அசைகிறது. நாலாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வாயைத் திறந்து அசைங்களேன்! கொட்டாவி விடற மாதிரி இருக்கு!"

இவர் பலகையைக் கீழே வைத்தார். "உண்மையைச் சொல்லிடேன்."

"சொல்லிட்டு? ஓய்வெடுங்கன்னு லெட்டர் வரும். வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டவா?"

"உன் பசங்க இருக்காங்கல்ல..." என்று ஆரம்பித்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"பசங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன். இவர் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

வியாழக்கிழமை நான்கு மணி. இருபத்திரண்டு கட்டங்கள் திரையில் வந்தன. இருபத்து மூன்றாவதாகத் துறைத் தலைவர், டை கட்டிக்கொண்டு. இவர் வழக்கமான நாற்காலியில் வழக்கம்போல இயர்போனோடு உட்கார்ந்திருந்தார். நீங்கள் இருந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு, சும்மா இருக்கிறேன் என்றார்.

நான் ஒரு யோசனை வைத்திருந்தேன். "இன்னைக்கு ஒரு மாற்றம். எந்தக் கேள்வியா இருந்தாலும் சாட்ல எழுதிக் கேளுங்க. தெளிவா எழுதப் பழகறதும் படிப்புல சேர்த்திதான்," என்று பெரிய தத்துவம் மாதிரி அறிவித்தேன். சொல்லி வாய் மூடவில்லை, சாட்டில் வரிகள் கொட்ட ஆரம்பித்தன. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. லிஃப்ட் எழுதினான், இரட்டை எழுதினாள், எட்டு மாதமாக எதுவும் கேட்காத இரண்டு பேர்கூட எழுதினார்கள். நான் படித்தேன், பதில் சொன்னேன், வரைபடம் போட்டேன். பதினைந்து நிமிடத்தில் பிழைத்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போது துறைத் தலைவரின் கட்டத்தைச் சுற்றி, யார் பேசுகிறார் என்று காட்டும் பச்சைக் கோடு எரிந்தது. அவர் உதடு அசைந்தது. எனக்கு அந்தக் கொரகொரப்புகூட வரவில்லை, சத்தமெல்லாம் இவர் இயர்போனில். எதிரே இவர் இடது கையால் என்னவோ கிறுக்கித் தூக்கிக் காட்டினார். எறும்புதான். நான் சிரித்துத் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர் புருவத்தைச் சுருக்கினார்.

சாட்டில் ஒரு வரி வந்தது. இரட்டை எழுதியிருந்தாள். "தலைவர் சார் கேக்கறாங்க: எல்லாரும் டைப் பண்றீங்களே, இது நேரடி வகுப்புதானே? யாராவது ஒருத்தராவது பேசிக் கேளுங்க. மேடம், நீங்க ஏன் பேச விடமாட்டேங்கறீங்க?"

அவர் சொன்னதை அவள் ஏன் எழுதிக்காட்ட வேண்டும் என்று யோசிக்கக்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை. கயிறு கிடைத்தது, பிடித்துக்கொண்டேன். "தாராளமா பேசலாம் சார்," என்றேன். "யாராவது பேசுங்க." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. இனி யார் பேசினாலும் நான் கையும் களவுமாக மாட்டிக்கொள்வேன்.

மூடவில்லை. அதனால்தான் பார்த்தேன். எட்டு மாதமாகக் கறுப்பாகவே இருந்த ஒரு கட்டம் வெளிச்சமானது.

போனை எதன்மேலோ உயரமாகச் சாய்த்து வைத்திருந்தாள். முகம் தெரியவில்லை. ஒரு எவர்சில்வர் மேசை, அதன்மேல் பரப்பித் தூவிய மாவு, முழங்கைவரை வெள்ளையாக இரண்டு கைகள். இடது மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு ஒன்று. வலது கை மாவைத் தடவிச் சமமாக்கியது. பிறகு ஆட்காட்டி விரல் எழுதத் தொடங்கியது.

"பேக்கரி பேசறேன் மேடம்."

கட்டத்தைச் சுற்றிப் பச்சைக் கோடும் எரிந்துகொண்டிருந்தது. வாயாலும் சொல்லிக்கொண்டே எழுதுகிறாள். துறைத் தலைவருக்குப் பேச்சு, எனக்கு எழுத்து. உள்ளங்கையால் மாவை அழித்துச் சமமாக்கினாள். மறுபடி எழுதினாள்.

"நாற்பது ரொட்டி. எடை சராசரி சரி."

அழித்தாள்.

"ஆனா கடைசி ரொட்டி எப்பவும் சின்னது."

அழித்தாள்.

"சராசரி ஏன் அதைச் சொல்லலை?"

முப்பத்திரண்டு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். இவ்வளவு நல்ல கேள்வி என்னிடம் ஏழெட்டுத் தடவைதான் வந்திருக்கும். தலைவரை மறந்தேன், காதை மறந்தேன். சராசரி போடும்போது நாற்பது ரொட்டியையும் ஒரே குவியலாக்கிவிடுகிறோம், எது முதலில் வந்தது எது கடைசியில் வந்தது என்ற வரிசை அங்கேயே தொலைந்துபோகிறது என்றேன். முதல் ரொட்டிகளில் கை தாராளமாகக் கிள்ளுகிறது, மிச்சமிருப்பதுதான் கடைசி ரொட்டி. அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் எடைகளை உருட்டிய வரிசையிலேயே புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும் என்று நாற்பது புள்ளி வைத்தும் காட்டினேன். மாவு விரல் ஒரு வரி எழுதியது. "கடைசி ஆள் கண்ல படணும்னா வரிசையா பார்க்கணும்." அதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது.

அந்தக் கை மறுபடி மாவைத் துடைத்துச் சமமாக்கியபோதுதான் எனக்கு உறைத்தது. எழுதுவது, காட்டுவது, துடைப்பது, காத்திருப்பது. இந்த அறைக்கு வெளியே இருக்கிற யாருக்கும் தெரியாத வேலை அது.

"இப்படி எழுதிக் காட்டணும்னு உனக்கு யார் சொன்னது?" என்றேன்.

விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு எழுதியது. "சாருக்குக் கை உடைஞ்சிருக்கே மேடம்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க பின்னாடி பாருங்க."

திரும்பினேன். செவ்வாய்க்கிழமை இவர் துடைக்கப்போய் விழுந்த கண்ணாடி, இவர் நினைத்தபடியே பளிச்சென்று இருந்தது. அதில் என் லேப்டாப்பின் திரை தெரிந்தது. அதற்குப் பின்னால் என் வீட்டுக்காரர், காதில் இயர்போனும் கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட கையுமாக, மடியில் வெள்ளைப் பலகையை வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்தவரைப் போலத் தெரிந்தார்.

மறுபடி திரையைப் பார்த்தபோது சாட் நிரம்பிக்கொண்டிருந்தது. "முதல் மாசமே தெரியும் மேடம்." "நீங்க ரொம்பத் திட்டினீங்களே, அன்னைக்கு." "சார் எழுதறது அவசர அவசரமா இருந்தது, பாவமா இருந்தது. எங்க பட்டப்பேரெல்லாம்கூடக் கண்ணாடில படிச்சோம்." "பேக்கரி அக்காதான் முதல்ல பார்த்தாங்க. கை வேலையா இருந்தா கண்ணு சும்மாதானே இருக்கும்னாங்க." "அவங்கதான் குரூப்ல சொன்னாங்க, ஒவ்வொருத்தரா பேசணும், சார் துடைச்சு முடிக்கற வரைக்கும் அடுத்தவங்க பேசக்கூடாதுன்னு."

என் ஒழுங்கான வகுப்பு! எட்டு மாதம் ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட ஒழுங்கு! முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, பழக்க தோஷம். அது வந்த வேகத்தில் உடைந்து கண்ணில் நிறைந்துவிட்டது. மறைத்துக்கொள்ளத் தெரியவில்லை. மறைக்க இனி என்னதான் இருக்கிறது?

"சார்," என்று துறைத் தலைவரைப் பார்த்துச் சொன்னேன். "எனக்குக் காது கேக்காது. மூணு வருஷமா. இவர்தான் கேட்டு எழுதிக் காட்டுவார். செவ்வாய்க்கிழமை விழுந்து கையை உடைச்சுக்கிட்டார். உங்ககிட்ட மறைச்சது என் தப்பு. பசங்கமேல எந்தத் தப்பும் இல்லை."

பச்சைக் கோடு எரிந்தது. அவர் வெகு நேரம் பேசினார். இரட்டையும் லிஃப்டும் மாறி மாறி எழுதிக்கொண்டே வந்தார்கள். "முதல்லயே சொல்லியிருக்கணும் மேடம்." "இதை நான் அறிக்கைல எழுதித்தான் ஆகணும்." பிறகு சற்று இடைவெளி. "ஒப்பந்தம் என் கையில மட்டும் இல்லை." இன்னும் ஒரு இடைவெளி. "ஆனா, இப்படி ஒரு கேள்வியும் பதிலும் இந்த வருஷம் நான் உட்கார்ந்த எந்த வகுப்புலயும் வரலை. அதையும் எழுதறேன். வகுப்புல கேட்டு எழுத ஒரு ஆளைக் கல்லூரியே தரணும்னும் எழுதறேன். நீங்க ஒரு விண்ணப்பம் குடுங்க."

விண்ணப்பப் படிவம் எத்தனை பக்கம் இருக்கும் என்றுதான் முதலில் யோசித்தேன்.

எதிரே இவர் இயர்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, மைக்கைப் பற்றிக் கவலையே படாமல், கண்டக்டர் குரலிலேயே கேட்டார். "அப்போ என் வேலை போச்சா?" மாவு மேசையைத் தவிர எல்லாக் கட்டங்களிலும் பல் தெரிந்தது. தலைவரும் சிரித்தார்.

"உங்களுக்குத் தெரியுமா, இவங்களுக்குத் தெரியும்னு?" என்று இவரிடம் கேட்டேன்.

"ஒரு நாள் அந்தப் பொண்ணு பேசினா. 'சார், நிதானமா எழுதுங்க, அவசரமில்லை'ன்னு. எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் ஓடலை. உனக்குக் கேக்காதே, அதனால உன் முன்னாடியே சொல்லிட்டா. அப்புறம் தினமும் வகுப்பு முடிஞ்சதும் எல்லாரும் 'வணக்கம் சார்'ம்பாங்க. நானும் கண்ணாடியைப் பார்த்து ஒரு வணக்கம் வெச்சுடுவேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா வகுப்பை விட்டிருப்பே. உன்னைத் தெரியாதா எனக்கு?"

மதிப்பெண் பட்டியலைத் திறந்தேன். ஒருமுறை எழுதியதை மாற்றாதவள், அந்த ஐந்தை அங்கேயே, எல்லோரும் பார்க்க, திருப்பிப் போட்டேன்.

வகுப்பு முடிகிற நேரம். தலைவர் போய்விட்டார். கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. எவர்சில்வர் மேசை மட்டும் இன்னும் திரையில் இருந்தது. யாரோ அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும், கைகள் ஒருமுறை மறைந்து, ஒரு தட்டு நிறைய உருண்டைகளை நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்பி வந்தன. மாவைத் தடவி, ஓரம்வரை சமமாக்கி, சின்னச் சின்ன எழுத்தாக நீளமாக எழுதின. இந்தத் தடவை பச்சைக் கோடு இல்லை. அவள் பேசவில்லை.

இவர் லேப்டாப்பின் முதுகுப் பக்கம் உட்கார்ந்திருந்தார். திரை தெரியாது. இயர்போனை மறுபடி மாட்டியிருந்தவர், காதில் ஒன்றும் வரவில்லை என்று அதைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன, பேக்கரி போயிடுச்சா?"

"இல்லை. எழுதறா. உங்களுக்கு."

"எனக்கா? என்ன எழுதியிருக்கு? படி."

படித்தேன். "சார், உங்க கை..." அதற்குமேல் எழுத்து கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன். "சார், உங்க கை சரியாகற வரைக்கும்..." மறுபடி நின்றுவிட்டேன். ஒரு வரியைப் பார்த்து அடுத்தவருக்குச் சொல்வது இத்தனை கஷ்டமா? இதைத்தான் எட்டு மாதமாக இவர் செய்துகொண்டிருந்தாரா?

இவர் மேசைக்கு மேலாகச் சாய்ந்து, நான் உதட்டைப் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டார்.

"நிதானமாப் படிம்மா. அவசரமில்லை."

நான் நிதானமாகப் படித்தேன். "சார், உங்க கை சரியாகற வரைக்கும் நான் எழுதறேன்."